பாடம் செய்யப்பட்ட அன்பு

பேர்ண் நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஒரு நாய் நிற்கிறது. 1814 இல் செத்த நாய். பெயர் பாரி. பெயரைக் கேட்டதும் எனக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த எங்கள் பாரிதான் ஞாபகத்துக்கு வந்தான். இது வேறு பாரி. பனியில் புதைந்துபோன மனிதர்களை மோப்பம் பிடித்துக் கண்டெடுத்த பாரி. வேலையில்லாத ஒரு நாளில் வின்டர்தூரிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் ரயிலேறிப் போய் அதன் முன்னால் நின்றேன். பக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "பார், எவ்வளவு நேசித்திருக்கிறார்கள், இன்னமும் வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

இந்த வசனத்தை நான் வேறிடத்திலும் கேட்டிருக்கிறேன். எகிப்து பற்றிய எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், எந்த வண்ணப்படச் சஞ்சிகையிலும், துணி சுற்றிய பூனையொன்றைக் காட்டியவுடன் இதுதான் வரும். பண்டைய எகிப்தியர் தம் வளர்ப்புப் பிராணிகளை அவ்வளவு நேசித்தார்களாம், அதனால்தான் பாடம் செய்து வைத்தார்களாம். "அதனால்தான்" என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். பாடம் செய்வது அன்பின் அத்தாட்சியா? இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லோடு சண்டை பிடிப்பதற்காக எழுதப்படுகிறது.

முதலில் பாரியைப் பார்ப்போம். சுவிசுக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீற்றர் உயரத்தில் பெரிய சென் பேர்னாட் கணவாய் இருக்கிறது. அங்குள்ள மடத்துத் துறவிகள் வழிப்போக்கருக்கு உணவும் இடமும் கொடுத்ததோடு நாய்களையும் வளர்த்தார்கள். பாரி 1800 இலிருந்து 1812 வரை அங்கே வேலை செய்தது. நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியது என்பது வழக்கு. நாற்பத்தோராவது ஆள் அதை ஓநாயென்று எண்ணிக் குத்திக் கொன்றுவிட்டான் என்பது கதை. பாரிசுக்குப் பக்கத்திலே அஸ்னியேர் என்ற இடத்தில் 1899 இல் திறந்த நாய் மயானத்தின் வாசலில் இந்தக் கதையைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். உண்மையில் நடந்தது மிகச் சாதாரணம். வயதாகி உடல் தளர்ந்த நாயை 1812 இல் பேர்ணுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் இருந்து கிழப்பருவத்தில் செத்தது. கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாவும் பொய். அது லாண்ட்சியர் என்ற ஆங்கில ஓவியர் 1820 இல் வரைந்த படத்திலிருந்து ஊருலகமெல்லாம் பரவியது. பிராந்தி விற்கிறவனுக்கும் சொக்கிலேற் விற்கிறவனுக்கும் வசதியான பொய்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் தலை. முதன்முதல் பாடம் செய்தவர் பாரியைத் தலை தாழ்த்திப் பணிந்து நிற்கிற மாதிரிச் செய்தாராம்; பின்வரும் சந்ததிக்கு ஊழியத்தின் அடக்கத்தைக் காட்டவேண்டும் என்று. தோல் நாள்பட வெடித்துத் துண்டு துண்டாகிப் போக, 1923 இல் திரும்பச் செய்தார்கள். இப்போது தலையை நிமிர்த்தினார்கள். அத்தோடு நிற்கவில்லை. அதற்கிடையில் சென் பேர்னாட் நாய் என்றொரு சாதி வளர்த்தெடுக்கப்பட்டு, பெரிய மண்டையும் தடித்த முகமும் உள்ளதாக ஆகியிருந்தது. பாரியோ அந்தக் காலத்து நடுத்தர மலைநாய். இன்றைய சென் பேர்னாட்டின் அரைவாசி நிறைதான் இருக்கும். எனவே பாரியின் மண்டையைப் புதிய சாதிக்கு ஏற்றமாதிரி மாற்றியமைத்தார்கள். பேரப்பிள்ளையின் சாயலைப் பாட்டனின் முகத்தில் ஒட்டியது போல. அந்தத் தாய் தன் பிள்ளைக்குக் காட்டிய முகம் பாரியின் முகமே அல்ல.

ஒரு தோலுக்குள் இரண்டு காலத்தின் தேவைகள். 1814 க்குப் பணிவான வேலைக்காரன் தேவைப்பட்டான். 1923 க்கு நிமிர்ந்த தேசிய வீரன் தேவைப்பட்டான். நாய்க்கு என்ன தேவைப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது செத்துப்போய்விட்டதே. இதற்காக நூதனசாலையைக் குறை சொல்லுவதில் அர்த்தமில்லை. மண்டை மாற்றிய கதையும் பீப்பாப் பொய்யும் இன்று ஒளிக்கப்பட்ட விஷயங்களல்ல. அப்படியில்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் குறை சொல்வது, பார்க்கிறவரிடம் தானாக எழும் அந்த "எவ்வளவு நேசித்திருக்கிறார்கள்" என்பதைத்தான்.

*

எகிப்துக்கு வருவோம். நான் சமையலறையில் வேலை செய்கிறவன். ஒரு பொருளைக் கெடாமல் வைப்பது எங்களுக்கு அன்பு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. உப்பு, காற்று, நேரம் ஆகிய மூன்றும் சம்பந்தப்பட்டது. கிறவுபுண்டன் மலைகளில் மாட்டிறைச்சியை உப்பிட்டுக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அதை நான் கடுதாசி போல மெல்லிசாகச் சீவித் தட்டில் அடுக்குகிறேன். ஊரில் அம்மா கருவாடு போட்டதும் இதே தத்துவந்தான். எகிப்தியரின் முறையும் அடிப்படையில் இதுவே. குடலை எடுத்துவிட்டு, பாலைவன ஏரிகளில் கிடைக்கும் நேற்றன் என்ற உப்புக்குள் புதைத்து நீரை உறிஞ்ச விடுவது. பிறகு எண்ணெயும் பிசினும் பூசித் துணி சுற்றுவது. மனிதருக்கு உப்பில் நாற்பது நாள், எல்லாமாக எழுபது நாள் என்பது கணக்கு. மிருகங்களுக்குப் பல சமயம் இந்தச் சிரத்தையெல்லாம் இல்லை. சும்மா உருக்கிய பிசினில் தோய்த்துச் சுற்றினார்கள்.

மிருக மம்மிகள் எல்லாம் ஒன்றல்ல. ஆய்வாளர் அவற்றை நாலு வகையாகப் பிரிப்பார்கள். செத்தவருக்கு மறுமையில் சாப்பாடாக வைத்த வாத்தும் மாட்டுத்தொடையும் ஒன்று. அப்பிஸ் எருது போல, உயிரோடேயே தெய்வமாகக் கும்பிடப்பட்டவை இன்னொன்று. வீட்டில் வளர்ந்து எசமானோடு புதைக்கப்பட்ட செல்லப்பிராணிகள் மூன்றாவது. நாலாவது நேர்த்திக்கடன். கோயிலுக்கு வந்த யாத்திரிகர் ஒரு பூனை மம்மியையோ நாய் மம்மியையோ விலைக்கு வாங்கித் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் நயினாதீவு அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதில்லையா, அது மாதிரி. உலக நூதனசாலைகளில் கிடக்கிற மிருக மம்மிகளில் ஆகப் பெரும்பான்மை இந்த நாலாவது வகை. செல்லப்பிராணிகள் மிகக் கொஞ்சம். ஆனால் "நேசித்தார்கள்" என்ற வசனம் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த நாலாவது வகையைக் காட்டித்தான்.

இந்த நேர்த்திக்கடன் வியாபாரம் எந்த அளவில் நடந்தது? சக்காராவில் அனுபிஸ் தெய்வத்தின் நிலக்கீழ்ச் சுரங்கங்களை ஆராய்ந்தவர்கள் 2011 இல் சொன்ன மதிப்பீடு: அங்கே வைக்கப்பட்ட மிருகங்கள் எண்பது இலட்சம் அளவில். பெரும்பாலும் நாய்கள். அவற்றிலும் பல, பிறந்து சில மணித்தியாலங்களோ சில நாட்களோ ஆன குட்டிகள். செல்லமாக வளர்க்கப்பட்டுக் கிழடாகிச் செத்த நாய்களல்ல; மம்மியாக்குவதற்கென்றே பெறுவிக்கப்பட்ட குட்டிகள். எக்ஸ்-கதிரில் பார்த்த பூனைகளிற் பல கழுத்து முறிக்கப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. மன்செஸ்ரர் ஆய்வாளர் எண்ணூறுக்கும் மேற்பட்ட மிருக மம்மிகளை ஊடுகதிரால் பார்த்து 2015 இல் வெளியிட்ட முடிவின்படி மூன்றில் ஒரு பங்கில் முழு மிருகம் இருந்தது, மூன்றில் ஒரு பங்கில் ஏதோ சில எலும்புகள், மீதி மூன்றில் ஒரு பங்கில் மிருகமே இல்லை. சேறு, குச்சி, நாணல், முட்டைக்கோது. வெளியே பார்த்தால் வர்ணத் துணியை அழகாகப் பின்னிச் சுற்றியிருக்கும். ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லக்கூடாது, தெய்வத்தோடு தொடர்புபட்ட எதுவும் அவர்களுக்குப் போதுமாயிருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் உள்ளே பூனையே இல்லாத பொதியைக் காட்டி "பூனையை எவ்வளவு நேசித்தார்கள்" என்று சொல்வதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

அதே தேசத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், தவறுதலாகப் பூனையைக் கொன்ற உரோமன் ஒருவனைச் சனங்கள் அடித்தே கொன்றதைத் தன் கண்ணால் கண்டதாக டியோடோரஸ் எழுதுகிறார். வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழிப்பார்கள், நாய் செத்தால் உடம்பு முழுவதையும் மழிப்பார்கள் என்று அவருக்கு நானூறு வருடம் முன்னமே எரொடோட்டஸ் எழுதினார். இவை பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. வீதியில் பூனைக்காக மனிதனைக் கொல்வதும், கோயிலுக்குப் பின்னால் பூனைக்குட்டியின் கழுத்தை முறிப்பதும் ஒரே சமூகத்தில் ஒரே காலத்தில் நடக்கலாம். பசுவைக் கும்பிடுகிற நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு இது விளங்காமல் இருக்க நியாயமில்லை.

இந்தப் புனிதப் பூனைகளின் மிச்சக் கதையையும் கேளுங்கள். மத்திய எகிப்தில் பெனி ஹசனுக்கு அருகே 1888 இல் பெருந்தொகையான பூனை மம்மிகள் வெளிப்பட்டன. 1890 இல் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பூனைகள், பத்தொன்பது தொன் நிறை, கப்பலில் லிவர்பூலுக்கு வந்திறங்கின. ஏலம் போட்டு விற்றார்கள். அரைத்துப் பொடியாக்கி ஆங்கிலேயக் கமக்காரரின் வயலுக்குப் பசளையாகப் போட்டார்கள். இரண்டாயிரம் வருடம் கெடாமல் இருந்ததன் பலன் அது.

*

உண்மையான செல்லப்பிராணிகளைப் பார்த்தால் அன்பு தெரியாதா? தெரிகிறது, ஆனால் அதுவும் எங்களை ஏமாற்றக்கூடியது. மூன்றாம் அமென்ஹொதெப்பின் மூத்த மகன் துத்மோஸ் இளவரசன் தன் பூனைக்குச் சுண்ணக்கல்லில் பெட்டி செய்வித்தான். படையல் மேசைக்கு முன்னால் பூனை ஒரு சீமாட்டி போல அமர்ந்திருக்கிறது. பெயர் தா-மியூ. அந்தப் பெயரின் அர்த்தம் "பெண்பூனை" என்பதுதான். அவ்வளவு பெரிய கல்லுப்பெட்டியில் வைத்த பூனையைக் கூப்பிட்டது பூனையென்றுதான்! (எங்கள் ஊரில் நாய்க்கு ஜிம்மி, வீரன், ரைகர் என்று பெயருண்டு; பூனைக்குப் பெரும்பாலும் பூனைதான். இதில் நாங்கள் எகிப்தியரோடு ஒற்றுமை.) இஸ்தெம்கெப் என்ற சீமாட்டியின் மான், அதன் உருவத்துக்கே செதுக்கிய மரப்பெட்டியில் கிடந்தது.

மாத்கரே என்ற பெண்ணின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். இருபத்தோராம் அரச வம்சத்தில் முதலாம் பினுஜெமின் மகள். அமுன் தெய்வத்தின் மனைவி என்ற பட்டம் வகித்த பூசகி. மணமில்லாமல் வாழவேண்டியவள் என்று கருதப்பட்டவள். 1881 இல் டெயிர் எல்-பஹ்ரி ஒளிப்பிடத்தில் அவளது மம்மி கிடைத்தபோது பக்கத்தில் ஒரு சின்னப் பொதியும் இருந்தது. குழந்தை! உடனே அறிஞர் பெருமக்களுக்குக் கதை கிடைத்துவிட்டது. கன்னித் துறவி களவாகப் பிள்ளை பெற்றாள், பிரசவத்திலே செத்தாள். ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் இந்தக் கதை புத்தகங்களில் உலாவியது. 1968 இல் எக்ஸ்-கதிர் எடுத்துப் பார்த்தார்கள். பொதிக்குள் இருந்தது ஒரு குரங்கு. அவள் வளர்த்த குரங்கு.

மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்த ஒரு பெண்ணின் கற்பை விசாரிக்க எத்தனை பேராசிரியர் வரிசையில் நின்றிருக்கிறார்கள்! பொதியை அவிழ்க்காமல் அதற்குள்ளே தாங்கள் காண விரும்பியதைக் கண்டார்கள். "அன்பு" என்று வாசிப்பவரும் "அவதூறு" என்று வாசித்தவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு குரங்கு துணையாயிருந்தது என்ற சின்ன விஷயம் எவருக்கும் போதவில்லை.

*

சுவிசையும் எகிப்தையும் பற்றிப் பேசிவிட்டு எங்கள் நாட்டை விட்டுவிட்டால் நியாயமில்லை. இலங்கையிலும் இப்படியொரு உடல் இருக்கிறது. கண்டி தலதா மாளிகை வளாகத்தில், தனக்கென்றே அமைந்த நூதனசாலையில் நிற்கும் ராஜா என்ற கொம்பன் யானை. வருடா வருடம் எசல பெரஹராவில் புத்தரின் தந்தப் பேழையைச் சுமந்த யானை. 1986 ஆவணி 20 இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனா அதைத் தேசியச் செல்வமாகப் பிரகடனம் செய்தார். 1988 யூலை 16 இல் அது செத்தது. பாடம் செய்தார்கள்.

ராஜா பிடிபட்டது எங்கே தெரியுமா? 1925 இல், மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூர்க் காட்டில். ஏறாவூர் முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் பூமி. பணிக்கர் எனப்படும் யானை பிடிகாரரின் பேர்போன ஊர். அங்கே குட்டியாகப் பிடிபட்டு, கண்டிப் பிரபு ஒருவருக்கு விலைபோய், 1937 இல் மாளிகைக்குக் காணிக்கையானது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கட்டி அடக்கப்பட்டு, அரை நூற்றாண்டு சங்கிலியோடு ஊர்வலம் போன ஒரு கிழக்கு மாகாணத்து யானையை, தேசம் தன்னுடைய அடையாளமாகப் பாடம் செய்து வைத்திருக்கிறது. யானைக்கு இனமில்லை, நான் இனவாதம் பேசவில்லை. ஆனால் நூதனசாலையில் நிற்பது யானையா, யானைத்தோலுக்குள் நிற்கும் அரசா என்று கேட்கலாம்தானே?

2022 மார்ச் 7 இல் அதன் வாரிசான நெடுங்கமுவ ராஜாவும் செத்தது. அது மைசூரிலிருந்து வந்தது. 2015 இல் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் அதை மோதப் பார்த்த பிறகு, அரசு அதற்கு ஆயுதம் தாங்கிய காவல் போட்டிருந்தது. ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச அதையும் தேசியச் செல்வமாக்கிப் பாடம் செய்யச் சொன்னார். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் சனங்கள் வரிசையில் நின்ற நேரம். நாலு மாதத்தில் அவரே நாட்டை விட்டு ஓடவேண்டி வந்தது வேறு கதை.

அதே அரசுதான் 2009 க்குப் பிறகு வடக்கு கிழக்கின் துயிலும் இல்லங்களை இடித்து மட்டமாக்கியது. யானையின் தோலுக்குக் கூரை, பிள்ளைகளின் எலும்புக்கு உழவு இயந்திரம். இதைச் சொல்லும்போது எம்மவர் தலையாட்டுவார்கள். அடுத்ததையும் சொல்லவேண்டும். அந்தத் துயிலும் இல்லங்களிலும் எல்லாருக்கும் கல் இருக்கவில்லை. மாற்று இயக்கத்திலிருந்து கொல்லப்பட்டவருக்கு, துரோகி என்று மின்கம்பத்தில் கட்டப்பட்டவருக்கு, எந்த நடுகல்? எதைப் பேணுவது என்று தீர்மானிக்கிற கை எதை விட்டுவிடுவது என்றும் தீர்மானிக்கிறது. அது பாரவோன் கையானாலென்ன, ஜனாதிபதி கையானாலென்ன, எங்கள் கையானாலென்ன.

நடுகல் என்றவுடன் இன்னொரு பெருமையும் எம்மவரிடம் கிளம்பும். தமிழன் நாய்க்கும் நடுகல் வைத்தவன்! உண்மைதான். திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல்லொன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநாலாம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்டது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதென்று கல்வெட்டுச் சொல்கிறது. ஆக, கல் நாய்க்கு வைத்ததல்ல, எசமானுக்கு வைத்தது. நாய்க்கு ஓரத்தில் இடம். பெருமை பேசுவதானால் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டைச் சேவலுக்கே தனியாகக் கல் நட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லலாம். காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விட்டதும் நாங்கள், கல் நட்டதும் நாங்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனாலும் எடுத்தனூர்க் கல்லில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நாயின் பெயர் எழுதியிருக்கிறது. கோவிவன். மன்னன் பெயரும் வீரன் பெயரும் வெட்டிய அதே உளியால் வெட்டியிருக்கிறார்கள். கீசாவில் 1935 இல் ரைஸ்னர் கண்டெடுத்த ஒரு கல்லும் இப்படித்தான். அரசனின் காவல் நாய்க்குப் பெட்டியும் மென்துணியும் சாம்பிராணியும் கொடுத்துக் கல்லறை கட்டும்படி அரசன் உத்தரவிட்ட செய்தி அதிலிருக்கிறது. நாயின் பெயர் அபுவ்தியூ. அந்தக் கல்லையே பிற்காலத்தவர் பிடுங்கி வேறொரு கல்லறைச் சுவருக்குப் பாவித்துவிட்டார்கள். நாயின் உடல் கிடைக்கவேயில்லை. பெயர் மட்டும் நாலாயிரம் வருடத்துக்கு மேல் கடந்து வந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் அதைக் கூப்பிட்டிருப்பான், அதுவும் திரும்பிப் பார்த்திருக்கும்.

*

பாடம் செய்யாத மிருகங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். செங்கடற் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். உரோமர் காலத்தில் இந்தியாவிலிருந்து மிளகும் முத்தும் துணியும் வந்திறங்கிய இடம். அங்கே ஒரு கோயிலில், இந்தியச் சாடியொன்றுக்குள் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே கிடந்தது. தமிழ்ப் பிராமி எழுதிய ஓட்டுத்துண்டொன்றும் 1995 இல் கிடைத்தது. கொற்றன் என்ற பெயரை ஐராவதம் மகாதேவன் அதில் வாசித்தார். அகதியல்ல, வியாபாரி. ஆனாலும் வெளிநாட்டில் தமிழில் தன் பெயரைச் சட்டியில் எழுதி வைத்த ஆள். (எங்கள் சமையலறைக் குளிர்பெட்டியில் நானும் என் சாப்பாட்டுப் பெட்டியில் தமிழில்தான் பெயர் எழுதியிருக்கிறேன். வேறு ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் ஒருவரும் தொடுவதில்லை.)

அந்தத் துறைமுகத்தின் எல்லையில், குப்பைமேட்டுக்குக் கீழே, முதலாம் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மிருக மயானம் ஒன்று இருக்கிறது. போலந்து ஆய்வாளர் மார்த்தா ஒசிப்பின்ஸ்காவும் அவரது குழுவினரும் 2021 இல் 585 மிருகங்களின் விபரத்தை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். மிச்சத்தில் நாய்களும் குரங்குகளும். குரங்குகளுள் இந்தியாவிலிருந்து உயிரோடு கப்பலில் கொண்டுவரப்பட்டவை உண்டென்று எலும்பைக் கொண்டு கண்டறிந்திருக்கிறார்கள். ஒன்றுகூட மம்மியல்ல. பிசினில்லை, வர்ணத் துணியில்லை, தெய்வத்தின் பெயரில்லை. மண்ணில் குழி தோண்டி, உறங்குகிற மாதிரிக் கிடத்தி, சிலதைப் பழந்துணியாலோ உடைந்த சாடித் துண்டாலோ மூடியிருக்கிறார்கள். சில பூனைகளின் கழுத்தில் இரும்பு வளையம், சிலதில் சிப்பியும் மணியும் கோத்த மாலை. கழுத்து முறித்த அடையாளமில்லை.

இன்னும் முக்கியம், அங்கே கிழட்டு மிருகங்கள் இருந்தன. பல்லெல்லாம் கொட்டிப்போனவை, மூட்டு வாதம் பிடித்தவை, எலும்பு முறிந்து பொருந்தியவை. பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஊர் அது. தானியமெல்லாம் நைல் நதிக் கரையிலிருந்து பல நாள் ஒட்டகத்தில் வரவேண்டும். அங்கே பல்லில்லாத ஒரு நாய் வருடக்கணக்கில் உயிரோடு இருந்ததென்றால், யாரோ ஒருவர் தினமும் அதற்கு உணவைக் குழைத்து மெதுவாக்கிக் கொடுத்திருக்கிறார். எலியும் பிடிக்க முடியாத பூனை, காவலுக்கும் உதவாத நாய். இதைத்தான் நான் அத்தாட்சியாக ஏற்பேன். செத்தபிறகு சுற்றிய துணியை அல்ல, உயிரோடிருக்கையில் பிசைந்த சோற்றை. சுற்றின துணி அரசனுக்கோ கோயிலுக்கோ வியாபாரிக்கோ கூலிக்கோ சுற்றப்பட்டிருக்கலாம். பல்லில்லாத வாய்க்குச் சோறு பிசைய வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. 2008 கடைசியில் நாங்கள் பரந்தனிலிருந்து வெளிக்கிட்டபோது மாட்டை அவிழ்த்துவிட்டோம். ஜிம்மி உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி வந்தது. பெட்டியில் இடமில்லை, இருந்தாலும் ஏற்ற விடமாட்டார்கள், ஆட்களுக்கே இடமில்லை. எந்தச் சந்தியில் அது நின்றதென்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துகொண்டேன் என்பதுதான் சரி. முகாமிலிருந்து திரும்பிப் போனபோது வளவில் வேறொரு நாய் படுத்திருந்தது, நடுவயது, ஒரு காது கிழிந்தது. அம்மா அதையும் ஜிம்மி என்றே கூப்பிட்டா. அது வந்தது.

பிறகு நான் படிப்பை இடையில் விட்டு இங்கே வந்துவிட்டேன். தொலைபேசியில் அதன் சுகத்தையும் கேட்பேன். கடைசி இரண்டு வருடமும் அதற்குப் பல்லில்லை, சோற்றை மீன்சாற்றில் குழைத்துக் கையால் தீத்தவேண்டும் என்று அம்மா சலித்துக்கொள்ளுவா. 2019 இல் செத்துப்போனது. கிணற்றடிக்குப் பின்னால் தாட்டதாகச் சொன்னா. பெரெனிகே பற்றி வாசித்துவிட்டுப் போன மாதம் எடுத்துக் கேட்டேன், அந்த இடத்தில் ஏதும் அடையாளம் கல்லு வைத்தீர்களா என்று.

"நாய்க்கென்ன தம்பி கல்லு? தேசிக்கண்டு ஒண்டு வைச்சனான். இப்ப நல்லாக் காய்க்குது. அங்க தேசிக்காய் என்ன விலை?"